தேர்வும் தேர்ச்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கின் பொருளைப் பள்ளியில் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் அதை உள்ளபடி உணர்ந்தது, அடி அண்ணாமலைத் தெருவில் ஒருநாள் மாலை தலைகுனிந்து நின்றபோதுதான்.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையில் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கொண்ட அப்பாதையில் பௌர்ணமியன்று கடல்போல் கூட்டம் வரும். மற்ற நாட்களிலும் வெளிநாட்டவர் தனியே நடந்து செல்வதைக் காணலாம். அன்று பள்ளி விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் நால்வரிடம், ஆதி அண்ணாமலையார் கோயிலிலிருந்து வெளியே வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் வழி கேட்டார். கோயிலுக்குள் போய் வந்ததில் அவருக்குத் திசை தடுமாறிவிட்டது. மலையைச் சுற்றியபடியே நகரத்துப் பெரிய கோயிலுக்கு எப்படிப் போவது என்பதே அவருடைய கேள்வி.

அரையாண்டுத் தேர்வில் இதே கேள்வி எங்களுக்கு வந்திருந்தது. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் ஒரு வழிப்படம் தருவார்கள். புதியவர் ஒருவருக்கு வழி சொல்லும் வாக்கியங்களை எழுத வேண்டும்; அதற்கு 2 மதிப்பெண். நாங்கள் நால்வருமே அந்த இரண்டையும் பெற்றவர்கள். ஆகவே துணிந்து, "கோ ஸ்ட்ரெயிட், டேக் தி செகண்ட் லெப்ட்" என்றோம். அவர் நன்றி கூறி நடந்தார். இரண்டாவது இடப்புறம் திரும்பினால் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான் இருக்கிறது. சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

அங்கே இளநீர் விற்கும் பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். மலையைக் காட்டினார், தம் வலக்கையைத் தட்டினார், "ஹில் ரைட் சைடு, கோ, கோ" என்றார். அம்மையாரின் முகம் மலர்ந்தது. மலையை வலக்கைப் பக்கம் விட்டுக்கொண்டு நடந்தால் வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் கடந்து ஊர் வந்துவிடும். வழி தவறவே முடியாது. பிறந்ததிலிருந்து நமக்குத் தெரிந்த செய்தி அது. ஆனால் தேர்வில் எழுதிய விடையைச் சொல்ல வாய் வந்ததே தவிர, தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். நமக்குக் கிடைத்த அந்த 2 மதிப்பெண் எதற்காகக் கிடைத்தது? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

முதலில் நம் தேர்வின் அமைப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019-20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் மொழிப்பாடத்தின் இரு தாள்கள் ஒரே தாளாக்கப்பட்டன. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. ஆகவே 2022-இல் எழுதியவர்களே புதிய முறையில் முதன்முதலாகத் தேர்வு எழுதியவர்கள். ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்; 35 பெற்றால் தேர்ச்சி. சொற்பொருள், எதிர்ச்சொல் முதலிய ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பிறகு உரைநடை, செய்யுள், துணைப்பாடக் கதை, இலக்கணம், கடிதம், பிழை திருத்தம், மனப்பாடச் செய்யுள் என்று வரும். காணாத பத்தி ஒன்றைப் படித்து விடையளிக்கும் வினாவுக்கு 8 மதிப்பெண். மொத்தத்தில் பெரும்பகுதி, ஆண்டு முழுவதும் திருப்பித் திருப்பிப் படித்த பாடங்களிலிருந்தே கேட்கப்படுகிறது.

இலக்கணத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? உண்மையைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. "நோ சூனர்" வந்தால் பின்னால் "தேன்" போடு. "ஒன் ஆப் தி" வந்தால் அடுத்த சொல்லுக்கு "எஸ்" சேர். செயப்பாட்டு வினைக்கு "பை" சேர். இவை நம் எல்லாருக்கும் தெரிந்த மந்திரங்கள். வாக்கியத்தின் பொருள் என்னவென்று பாராமலே விடை எழுதிவிடலாம். காணாத பத்திக்கும் ஒரு மந்திரம் உண்டு. வினாவிலுள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுத வேண்டியது. பல நேரங்களில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுத வேண்டிய இடத்தில் மந்திரம் பலிப்பதில்லை. நம்முடைய விடுப்பு விண்ணப்பங்களே சாட்சி. தங்கைக்குக் காதுகுத்து என்றாலும் சரி, பாட்டிக்குத் திவசம் என்றாலும் சரி, மழையில் பஸ் வராவிட்டாலும் சரி, விண்ணப்பத்தில் எழுதுவது காய்ச்சல் என்றுதான். பொய் சொல்லும் ஆசையால் அன்று. நமக்குப் பிழையில்லாமல் எழுத வரும் வாக்கியம் அது ஒன்றே என்பதால்தான்! நம் வகுப்பின் விண்ணப்பங்களை மட்டும் ஒருவர் படித்தால், திருவண்ணாமலையில் ஆண்டு முழுவதும் விஷக்காய்ச்சல் பரவியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்.

இதை நாங்களே சோதித்துப் பார்த்தோம். 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். ஒரு பத்தியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக அழித்துவிட்டு, விடுபட்ட இடங்களைப் படிப்பவர் நிரப்ப வேண்டும். பொருள் புரிந்தால்தான் நிரப்ப முடியும். நாங்கள் சிலர் ஒரு சனிக்கிழமை கூடி, நம் பாடநூலிலிருந்து ஒரு பத்தியும், ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியும் எடுத்து, ஏழு சொல்லுக்கு ஒன்றாக அழித்தோம். பாடநூல் பத்தியைக் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாரும் நிரப்பிவிட்டோம். செய்தித்தாள் பத்தியிலோ "தி", "ஆப்" போன்ற சிறு சொற்களைப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மிகுதியாக நிரப்பியவள் எங்களுள் முதல் மதிப்பெண் பெறுபவள் அல்லள். மாதத் தேர்வில் நடுவில் நிற்பவள். கிரிவலப் பாதையில் அவள் தாயார் வைத்திருக்கும் கடையில், விடுமுறை நாட்களில் உட்காருபவள். பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதும், வெளிநாட்டவர் கேட்பதற்கு விடை சொல்வதும் அவளுக்கு அன்றாட வேலை. அவளுடைய திறமை அவளுக்கே தெரியாமல் இருந்தது. எந்தத் தேர்வும் அதை அவளிடம் கேட்டதில்லை.

இது நம் பள்ளியின் குறை மட்டுமன்று. "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் 2023-இல், 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், கிராமப்புறத்து 14 முதல் 18 வயதினரைச் சந்தித்துச் சோதித்தது. எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்கச் சொல்லி, பிறகு பொருள் கேட்டார்கள். படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். அவ்வாறு படித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பொருள் சொல்ல இயலவில்லை. ஒலிப்பது வேறு, படிப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

எங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் இதைப்பற்றிக் கேட்டபோது, அவர் ஒரு பழைய முயற்சியைக் கூறினார். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் ஆங்கிலக் கல்வி அறிஞர், பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு புதிய முறையை நடத்திப் பார்த்தார். இலக்கண விதியைச் சொல்லித் தருவதற்கு மாறாக, மாணவரிடம் ரயில் கால அட்டவணையையும் வழிப்படத்தையும் கொடுத்துக் கணக்குப் போடவும், வழி கண்டுபிடிக்கவும் செய்தார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தார் அந்த மாணவரையும் பழைய முறையில் படித்தவரையும் பலவகைத் தேர்வுகளால் ஒப்பிட்டு, 1985-இல் முடிவை வெளியிட்டனர். விதி முறையில் படித்தவர் விதித் தேர்விலும், செயல் முறையில் படித்தவர் செயல் தேர்விலும் மேம்பட்டிருந்தனர். எதைக் கேட்கிறோமோ அதுவே விளைகிறது என்பது எங்களுக்கு இதிலிருந்து விளங்கியது. நம் தேர்வு நினைவாற்றலைக் கேட்கிறது. ஆகவே நம்மிடம் நினைவாற்றல் விளைகிறது.

பெற்றோர் சிலர் இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்கள். "மனப்பாடம் செய்தாவது எங்கள் பெண் தேர்ச்சி பெறுகிறாள். காணாத பாடமாகக் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பிள்ளைகள் அல்லவா முந்திக்கொள்வார்கள்?" இது நேர்மையான கேள்வி. வயலிலும் செங்கற் சூளையிலும் உழைக்கும் பெற்றோரின் மகளுக்கு அந்த 35 மதிப்பெண் ஒரு வாழ்க்கை. பாடநூல் எல்லாருக்கும் ஒன்று என்பதால்தான் அவளும் போட்டியில் நிற்கிறாள். அதைப் பறிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் தேர்ச்சிக்குப் பின் அவள் என்ன ஆகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற எங்கள் அக்காமார் சிலர், கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் விடுதியில் அழுததாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டணத்துப் பெண்ணுக்கு ஆங்கிலம் வீட்டிலும் கிடைக்கும், பக்கத்து வீட்டிலும் கிடைக்கும். எங்களுக்கு அது கிடைக்கும் இடம் வகுப்பறை ஒன்றுதான். அங்கேயும் அதை மனப்பாடமாகவே பெற்றால், வேறு எங்கே போய்ப் பெறுவோம்?

பொதுத்தேர்வை மாற்றுவது நம் கையில் இல்லை. மாதத் தேர்வு நம் பள்ளியின் கையில் இருக்கிறது. எனவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது: ஒவ்வொரு மாதத் தேர்விலும் காணாத பத்தி ஒன்று இருக்கட்டும். மருந்துப் புட்டியின் அட்டை, வங்கிப் படிவம், ரயில் நிலைய அறிவிப்பு, செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம். வரியை எடுத்தெழுத முடியாதபடி, "ஏன்", "இனி என்ன செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதவும் அனுமதியுங்கள். படித்துப் புரிந்ததா என்று அறிவதே அவ்வினாவின் நோக்கமாதலால், எழுதத் தெரியாத குறை, படிக்கத் தெரிந்த திறமையை மறைக்கக் கூடாது.

இரண்டாவது: தனித்தனி வாக்கியங்களை மாற்றுவதோடு, நாங்களே எழுதிய கடிதத்தில் பிழைகளைக் கோடிட்டு மட்டும் திருப்பித் தாருங்கள். நாங்கள் யோசித்துத் திருத்தி எழுதும் இரண்டாம் படிக்கு மதிப்பெண் கொடுங்கள். பிழை நமக்கு அவமானமாக இராமல் பாடமாக மாறும்.

மூன்றாவது: பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவியும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் படித்துப் பேசட்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. குடுவையைக் கையில் எடுக்காமல் அறிவியல் முழுமை பெறாது என்றால், வாய் திறக்காமல் மொழி எப்படி முழுமை பெறும்? நேரம் ஏது என்று கேட்கலாம். வகுப்பில் 45 பேர் என்றால், நாளுக்கு மூவராக 15 நாட்களில் முடிந்துவிடும். இதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். எவள் எங்கே தடுமாறுகிறாள் என்று ஆசிரியை அறிந்தால் போதும்.

தோழியரே, நாமும் செய்ய வேண்டியது உண்டு. அடுத்த முறை விடுப்பு எடுக்கும்போது, காய்ச்சலை விட்டுவிட்டு உண்மையான காரணத்தை எழுதுவோம். பிழை வந்தால் வரட்டும். திருத்துவதற்குத்தானே பள்ளி?

இதை எழுதும் எங்களுக்கு இன்னும் ஆங்கிலம் சரியாக வந்துவிடவில்லை. ஆனால் சென்ற வாரம் எங்கள் ஊரில் மீண்டும் ஒருவர் வழி கேட்டார். மலையைக் காட்டினோம். "கீப் தி ஹில் ஆன் யுவர் ரைட்" என்றோம். எந்த நோட்ஸிலும் இல்லாத வாக்கியம் அது. அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். இம்முறை அவர் திரும்பி வரவில்லை. இளநீர்க் கடைப் பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

— பத்தாம் வகுப்பு மாணவி,
அடி அண்ணாமலை