பெயர் ஜமீலா, அழைப்பதோ 'குமர்'

ஜுமுஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஒருவர் எழுந்து நிற்கிறார். "வீட்டில் மூன்று குமர் இருக்கிறது. கரையேற்ற உதவி செய்யுங்கள்" என்கிறார். நம் கைகள் சட்டைப்பையை நாடுகின்றன. உதவுவது நன்மையே. ஆனால் அவர் பயன்படுத்திய சொற்களை நாம் கவனிப்பதில்லை.

'குமர்' என்றால் மணமாகாத இளம்பெண். அந்தச் சொல்லில் இழிவு ஏதுமில்லை. நம் பயன்பாடுதான் அதைத் தீர்க்கவேண்டிய கடனாக மாற்றிவிட்டது. 'கரையேற்றுதல்' என்பது வெள்ளத்தில் தத்தளிப்பவருக்குச் சொல்ல வேண்டிய சொல். தாய் தந்தையின் நிழலில் வளரும் பெண் எந்த வெள்ளத்தில் தத்தளிக்கிறாள்? அதே வயதில் வீட்டிலிருக்கும் மகனைக் கரையேற்ற வேண்டும் என்று எவரும் சொல்வதில்லையே!

சொல்லில் என்ன இருக்கிறது, மனம் தூய்மையாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். "குமரை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது?" என்ற ஒரு கேள்வியால் படிப்பு பாதியில் நின்றுபோன பெண்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். மணமகன் மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை (4:4). நம்மிடையேயோ கைக்கூலி வந்து குடியேறியது. பெண்ணைப் பாரம் என்று பெற்றவர்களே சொல்லிவிட்டால், அந்தப் பாரத்தைச் சுமக்க வருபவன் கூலி கேட்கத்தானே செய்வான்?

கணவனைப் பிரிந்து தாய்வீடு திரும்பியவளை 'வாழாவெட்டி' என்கிறோம். அவளைப் பிரிந்த ஆணுக்கு அப்படியொரு பட்டம் இல்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கணவரை இழந்தவராகவும், சொந்தமாக வணிகம் நடத்தியவராகவும் இருந்த நிலையில்தான் நபி (ஸல்) அவர்களை மணந்தார்கள். அந்த அன்னையைப் போற்றும் நாவு, அதே நிலையிலுள்ள நம் சகோதரியை எப்படி அழைக்கிறது?

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தந்தையை அல்லாஹ் கண்டிக்கிறான் (16:58, 59). பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதையும் தடுக்கிறான் (49:11). உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை மாற்றி 'ஜமீலா', அதாவது 'அழகானவள்', என்று பெயரிட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரு பெண்ணைத் தினமும் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது அற்ப விஷயமாக இருந்திருந்தால், அல்லாஹ்வின் தூதர் அதில் தலையிட்டிருப்பார்களா?

பெண்மக்களுக்கு நன்மை செய்து வளர்ப்பவருக்கு அவர்கள் நரகத்திலிருந்து காக்கும் திரையாவார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நம்மைக் காக்கும் திரையை நாமே சுமை என்று சொல்லலாமா?

நாமும் பெண்பிள்ளைகளுக்குப் பொருள் தேடித் தேடி அழகிய அரபுப் பெயர்களைச் சூட்டுகிறோம். பிறகு அந்தப் பெயரை மறந்து 'பொட்டப்புள்ள' என்றும், 'அடுத்த வீட்டுக்குப் போகிறவள்' என்றும் அவள் காதுபடவே பேசுகிறோம். அவளும் அதைக் கேட்டுத்தான் தன்னை அளந்துகொள்கிறாள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவளுடைய தம்பியும் கேட்கிறான். நாளை அவன் தன் மனைவியை எப்படி நடத்துவான் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

மாற்றத்திற்குச் செலவில்லை. ஜமாஅத் அறிவிப்புகளில் 'குமர் காரியம்' என்பதற்குப் பதில் 'திருமண உதவி' என்று சொல்லலாம். வீட்டில் 'என் மகள்' என்ற சொல்லே போதும். முதியவர்கள் பழக்கத்தால் பழைய சொல்லைச் சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். நாம் நல்ல சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

நம் நாவுகளைப் பேணி, நம் பெண்மக்களைக் கண்ணியப்படுத்தும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.