ஆழிப்பேரலையும் யோவானின் திருமுகமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், திருக்குடும்பத் திருவிழா. அன்று காலையில்தான் ஆழிப்பேரலை வந்தது. கோவளம் தொடங்கி மாமல்லபுரத்துக்குத் தெற்கேயும் நம் கடலோர ஊர்கள் படகையும் வலையையும் வீட்டையும் இழந்தன. தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். வேளாங்கண்ணிக்குச் சென்ற திருப்பயணிகள் பலர் வீடு திரும்பவில்லை.

அந்த நாட்களில் நம் ஆலயங்களில் எந்த இறைவார்த்தை வாசிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். டிசம்பர் 27, திருத்தூதர் யோவான் விழா. அன்றுதான் ஆண்டுதோறும் யோவானின் முதல் திருமுக வாசகம் தொடங்கும். மறுநாள் மாசில்லாக் குழந்தைகள் விழா. கரையோரங்களில் குழந்தைகளைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாயன்று, பாவம் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டது. தம்மிடம் பாவம் இல்லை என்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார் என்பது அதன் சாரம் (1 யோவா 1:8).

அந்த வாரத்தில் ஊரெல்லாம் கேட்ட கேள்வியும் பாவத்தைப் பற்றியதுதான். இது யார் செய்த பாவம்? கடலோர மக்கள் செய்த பாவமா, நாடு செய்த பாவமா? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும், 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோதும் இதே பேச்சு திரும்பி வந்தது. அன்று வாய்மொழியாகப் பரவியது, இன்று கைப்பேசியில் பரவுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை அறிந்த நாமும் (லூக் 13:4) அந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம்.

யோவான் பாவத்தைத் தேடும் இடம் வேறு. பாவம் என்பது சட்டமீறல் என்கிறார் (3:4). எந்தச் சட்டம்? அதே அதிகாரத்தின் இறுதியில் விடை இருக்கிறது: இறைமகனை நம்புவதும், ஒருவர் மற்றவரை அன்பு செய்வதும் (3:23). சகோதரரை வெறுப்பவரைக் கொலைகாரர் என்றே அழைக்கிறார் (3:15). பேரலைக்குப் பலியானவர் என்ன பாவம் செய்தார் என்ற ஆராய்ச்சிக்கு இந்தத் திருமுகத்தில் இடமே இல்லை. கரையில் உயிரோடு நிற்பவர் என்ன செய்தார் என்பதுதான் அதன் கேள்வி.

கையில் பொருள் இருந்தும், தேவையில் இருப்பவரைக் கண்டு மனத்தை மூடிக்கொள்பவரிடம் இறையன்பு எப்படித் தங்கும் என்று கேட்கும் பகுதி (3:17) ஜனவரி 5ஆம் நாளுக்கு உரியது. 2005இல் திருக்காட்சிப் பெருவிழா ஜனவரி 2ஆம் நாளே வந்துவிட்டதால் அது வாசிக்கப்படாமல் போயிற்று. வாசக ஒழுங்கு அப்படி. ஆனால் அந்த நாட்களில் மக்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்று பாராமல் கதவுகள் திறந்தன, உலை கொதித்தது. கோவளத்துக்கு இது புதிதல்ல. 1808இல் இங்கே கார்மேல் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டி மான்டி, தம் சொத்தைத் திருச்சபையின் அறப்பணிக்கு விட்டுச் சென்றவர். 1821இல் இறந்த அவருடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது.

இத்துடன் நிறுத்தினால் நமக்கு வசதியாக இருக்கும். ஆனால் அதே நிவாரண முகாம்களில் வேறொன்றும் நடந்தது. நாகைப் பகுதியில் தலித் மக்கள் முகாம்களிலும் உதவிப் பட்டியலிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2005இல் பதிவு செய்தது. அழுகிய உடல்களை எடுத்துப் புதைக்க மட்டும் தலித் துப்புரவுத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். அலை சாதி பார்க்கவில்லை. அரிசி மூட்டை பார்த்தது.

அது ஊர் வழக்கம், நமக்கென்ன என்று சொல்ல முடியுமா? 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையில் இருக்கலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தியிருந்தார். ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2008 மார்ச் 9 அன்று, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே நற்கருணையை உண்டவர்கள்.

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடி பேர் தலித் மக்கள் என்றும், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்றும் அது ஒப்புக்கொண்டது. எதிரிகள் கையில் ஆயுதம் கொடுத்துவிட்டார்கள் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. நம் பார்வையில், அண்மைக் காலத்தில் நம் திருச்சபை செய்த மிக நேர்மையான பாவ அறிக்கை அது. மறைக்கும் பாவத்தை அல்ல, அறிக்கையிடும் பாவத்தையே இறைவன் மன்னிப்பதாக யோவான் எழுதுகிறார் (1:9).

சாதியைப் பேசினால் பங்கு உடையும், அன்பு திரளான பாவங்களைப் போர்த்தும் என்று பேதுருவின் திருமுகத்தைக் காட்டி (1 பேது 4:8) அமைதிப்படுத்துவோரும் நம்மிடையே உள்ளனர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் போர்த்தும் அன்பு, புண்பட்டவர் தருவது. புண்படுத்தியவர் தாமே எடுத்துப் போர்த்திக்கொள்ளும் துணி அல்ல அது. ஏறக்குறைய கி.பி. 407இல், பாஸ்கா காலத்தில், புனித அகுஸ்தினார் ஹிப்போவில் இந்தத் திருமுகத்துக்கு விளக்கமாகப் பத்து மறையுரைகள் ஆற்றினார். ஆப்பிரிக்கத் திருச்சபை அப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. தாங்களே தூயவர்கள் என்று கூறித் தனிப் பீடம் அமைத்தனர் தொனாத்தியர். சகோதரரை விலக்கி வைத்துவிட்டுக் கிறிஸ்துவை அன்பு செய்வதாகச் சொல்ல முடியாது என்று அகுஸ்தினார் திரும்பத் திரும்ப வாதாடினார். அவர்கள் பிரிந்தது சாதியால் அல்ல. ஆனாலும் தனிப் பீடம், தனிக் கல்லறை என்றதும் நமக்கு எந்தெந்த ஊர்கள் நினைவுக்கு வருகின்றன?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று கரையில் மலர் தூவிச் செபிக்கிறோம். மறுநாள் ஆலயத்தில் இந்தத் திருமுகம் தொடங்குகிறது. ஐந்தே அதிகாரங்கள், ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். நம் அன்பியங்கள் அந்த வாரத்தில் இதை எடுத்துக்கொள்ளட்டும். வாசக ஒழுங்கு விட்டுவிடும் ஆண்டுகளிலும் மூன்றாம் அதிகாரத்தை விடாமல் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் பெரியவர் ஒருவரிடம் கேட்கலாம்: நம் பங்கின் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல்கள் இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன?