அரை லிட்டர் புட்டியும் கூலியாளின் உயிரும்

படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்கின்றன. புரொப்பெல்லரில் அறுந்த வலை சுற்றிக்கொள்கிறது. படகைக் கரையேற்றிப் பார்த்தால் செலவு, தொழிலும் கெடும். ஆகவே ஓர் ஆளைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். இதற்கென்றே கைக்கு அடக்கமான காற்றுப் புட்டிகள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன.

கருவியை நாம் குறை கூறவில்லை. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுக் கருவி மனித அறிவின் வெற்றி. ஆனால் அதன் கணக்கைத் தொழிலாளிக்கு யார் சொல்கிறார்கள்?

அரை லிட்டர் புட்டியில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் கிடைப்பது 100 லிட்டர். மூச்சுக்கு நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் என்று வைத்தால், ஐந்து நிமிடம். சுரண்டி, அறுத்து வேலை செய்தால் அதுவும் இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் பாதிதான்.

காற்று தீர்ந்ததும் மனிதன் என்ன செய்வான்? மூச்சை அடக்கி மேலே பாய்வான். அங்கேதான் எமன் நிற்கிறான். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிய நுரையீரல் கிழியும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் இது நேரலாம். ஆகவே மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக ஏற வேண்டும். இதைக் கற்பிக்காமல் ஆளை இறக்குவது கொலைக்குச் சமம்.

ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: விசையை நிறுத்தாமல் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. கிணறு தூர் வாரும் தோழர்களுக்கும் தெரியும்: மேலே கயிறு பிடிக்க ஆளில்லாமல் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் மட்டும் இந்த நியாயம் செல்லாதா?

பிரிட்டனில் 1997-ம் ஆண்டு விதிகள், கூலிக்கு முங்கும் வேலைக்குத் திட்டமும் மேற்பார்வையாளரும் தேர்ச்சி பெற்ற ஆட்களும் வேண்டுமென்கின்றன. அங்கே உயிருக்கு விலை உண்டு, இங்கே இல்லையா?

நாம் கேட்பது அதிகமில்லை. முதலாளி செலவில் பயிற்சி. சோதித்த புட்டி, சுத்தமான காற்று. எஞ்சின் சாவி முங்குகிறவன் கையில். மேலே காவலுக்கு ஒரு தோழன். இவை இல்லையேல் இறங்க மாட்டோம் என்று ஒருவன் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் விதி பிறக்கும்.