பிரிண்டர் யாருடையது?

திருவனந்தபுரத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மாட்களுக்கு ஒரு விஷயம். இங்கே அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்தான். அதனால் வீட்டுக்கு பிரிண்டர் வாங்கும்போது "லினக்ஸில் ஓடுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை :-)

யூஎஸ்பி கருவியைச் செருகியதும் கர்னல் முதலில் அதன் விவரத்தைக் கேட்டு வாங்கும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், தலா 16 பிட். எங்கள் வங்கி ஐஎஃப்எஸ்சி மாதிரிதான், முன்னால் வங்கி, பின்னால் கிளை. (இன்டெலின் எண் 8086! 1978-ல் வந்த அவர்களுடைய சிப்பின் பெயர்.) எண்ணோ வகையோ பொருந்தும் டிரைவர் பொறுப்பேற்கும்.

ஆனால் விலாசம் தெரிந்தால் போதுமா? பிரிண்டர் பேசும் மொழியும் தெரிய வேண்டாமா? அதைக் கம்பெனி பூட்டி வைத்தால், காசு கொடுத்து வாங்கியும் பொருள் முழுசாக நமதில்லை என்பதே என் கட்சி. எம்ஐடியில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரின் சோர்ஸ் கோட் கிடைக்காத கடுப்பு ஸ்டால்மனை எங்கே கொண்டுபோனது என்பது ஊரறிந்த கதை. 2001 ஜூலையில் எஃப்எஸ்எஃப் இந்தியா தொடக்கத்துக்கு அவர் வந்ததும் இதே ஊருக்குத்தான்.

வைஃபை டாங்கிள் வாங்குபவர்கள் பெட்டியில் அச்சடித்த மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் இருக்கும். 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டி, வரும் எண்ணை வைத்துத் தேடுங்கள்.