கட்டுச்சோறும் கணினியும்



போன மாதம் தம்பி முறையுள்ள ஒருவர் வீட்டு விசேஷத்துக்காகத் திருப்புலிவனம் போயிருந்தேன். வியாக்ரபுரீசுவரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பினால், திண்ணையில் அவர் மகள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது அது. கல்லூரிக் கட்டுரையைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். தோழியிடமிருந்து பென்டிரைவில் மென்பொருள் வாங்கி வந்திருக்கிறாள். "பெரியப்பா, ரெண்டு தடவை தட்டினா ஜிப் ஃபைல் மாதிரி என்னமோ திறக்குது. ஏறவே மாட்டேங்குது."

பார்த்தேன். அது விண்டோஸுக்கென்று கட்டிய இஎக்ஸ்இ கோப்பு. கணினியில் ஓடியதோ பாஸ் லினக்ஸ். 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் இரண்டையும் ஏற்றிக் கொடுத்தார்கள். இவளுடையதில் விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. ஆகவே அதற்கு வேண்டியது டெப் என்ற வகை மென்பொருள் பொதி.

டெப் பொதி உறவினர் வீட்டுக்குக் கிளம்புகிறவரைப் போன்றது. அடுப்பும் உப்பும் புளியும் அங்கே இருக்கும் என்று நம்பி, என்னென்ன வேண்டும் என்ற பட்டியலோடு வரும். இணையம் இருந்தால் ஆப்ட் என்ற கருவி குறைவதை எல்லாம் தானே இறக்கிக்கொள்ளும். இணையம் இல்லாத வீட்டில் அந்தப் பட்டியலே முட்டுக்கட்டை. ஆப்இமேஜ் என்றொரு முறை உண்டு. அது கட்டுச்சோறு, தேவையானதைத் தானே சுமந்து வரும், அதனால் கனமும் கூடும். ஆனால் விசைப்பலகை போல இயங்குதளத்துக்குள்ளேயே போய் உட்கார வேண்டியவற்றுக்கு அது ஒத்துவராது.

அவளுக்கு வேண்டியது ஏற்கெனவே லினக்ஸுக்கென்று உருவாகியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த தமிழ் 99 விசைப்பலகையை, ஜப்பானில் உருவான எம்17என் என்ற நிரல் நூலகம் தன்னுள் வைத்திருக்கிறது. அவள் வீட்டில் இணையம் இல்லாததால், அந்தப் பாஸ் பதிப்புக்குப் பொருந்தும் பொதிகளை, அவை கேட்கும் துணைப் பொதிகளோடு சேர்த்துப் பென்டிரைவில் திரட்டினேன். ஒரு மாலை முழுக்க ஆனது. 64 பிட் கோப்பு ஒன்று தவறிச் சேர்ந்திருந்தால்கூட அந்த 32 பிட் அமைப்பு ஏற்றிருக்காது.

மறு ஞாயிறு கொண்டுபோய் நிறுவினோம். 'அக்கா' என்று அடித்தாள். 'க'வை இரண்டாம் முறை தட்டியதும் முதல் 'க'வுக்குத் தானே புள்ளி விழுந்தது. "புள்ளி நான் வைக்கலையே!" என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களை உருவாக்கியவர்களுக்குத் தமிழ் பட்ட கடன் பெரியது. அவை விண்டோஸில் வளர்ந்தவை. இன்று தமிழ் மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நிரல் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். டெப், ஆர்பிஎம் என்று லினக்ஸ் பொதிகளாகவும் கட்டிப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய கணினி ஒன்றில் நீங்களே நிறுவிப் பாருங்கள். காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சந்தேகம் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து இத்தகைய நிறுவல் சிக்கல்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டில், பள்ளியில் இருக்கும் கணினியில் எந்த இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா, எந்த மென்பொருள் ஏற மறுக்கிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்