காட்டை அறிந்தவருக்குக் கூலி, எழுதியவருக்குப் பட்டமா?

2017 சனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் வரவழைத்தது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் அங்குள்ள வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் திணறிக்கொண்டிருந்தார்கள். இரண்டே வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அதில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாமும் கைதட்டினோம்.

விருது கொடுத்த நாட்டில் இவர்களுடைய அறிவுக்குப் பேராசிரியர் நாற்காலி கொடுத்த கல்லூரி எது?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலிருந்து டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் வரை காட்டுயிர்ப் படிப்புகள் இருக்கின்றன. களப்பணிக்குப் போகும் மாணவருக்கு முன்னால் நடப்பவர் பெரும்பாலும் ஒரு பழங்குடி. தடம் புலியுடையதா சிறுத்தையுடையதா, எச்சம் எத்தனை நாள் பழையது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்பவர் அவர்தான். அவருக்குத் தினக்கூலி, ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி. கையால் அறிந்தவர் கூலி, ஏட்டில் எழுதியவர் அறிஞர் என்பது அறிவியல் அல்ல தோழர்களே, வருணத்தின் பழைய கணக்கு.

"அனுபவம் வேறு, அறிவியல் வேறு" என்பார்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சோலிகர்கள் காய்ந்த சருகுக்குச் சிறுதீ வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். 1974இல் சரணாலயம் வந்தது. அவர்களை வெளியேற்றித் தீயையும் தடுத்தார்கள். உண்ணிச்செடி காடெங்கும் படர்ந்தது. அந்தச் சிறுதீ அதை அடக்கி வைத்திருந்தது என்று சோலிகர்கள் சொன்னது ஆய்வுக் கட்டுரையாக வந்த பிறகுதான் படித்தவர்கள் காதில் விழுந்தது.

'மேலாண்மை' என்ற சொல்லும் இவர்களுக்குச் சொந்தமானதுதான். சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். மரபறிவின் மீதான உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வகுப்பறைக்குள் நுழைய வழி? தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஒதுக்கீடு 1 விழுக்காடு. இருபது பேர் படிக்கும் முதுகலை வகுப்பில் அது எத்தனை நாற்காலி? அதற்கும் முதலில் சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

கற்பிக்க வருவதற்கு மட்டும் பட்டம் தடையில்லை. பட்டம் இல்லாத வல்லுநரையும் 'நடைமுறைப் பேராசிரியர்' ஆக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2022இல் வழிகாட்டுதல் தந்துவிட்டது. தொழில் நிறுவன அதிகாரிக்குத் திறக்கும் அந்தக் கதவு இருளருக்கும் சோலிகருக்கும் காட்டுநாயக்கருக்கும் திறக்கட்டும். ஒவ்வொரு காட்டுயிர்ப் படிப்பிலும் காட்டைச் சுற்றியுள்ள பழங்குடி இளைஞர்களுக்குத் தனி இடங்கள் வேண்டும், முழு உதவித்தொகையோடு.

இந்தப் படிப்பில் சேரும் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்கு வழிகாட்டியவரின் பெயரை நன்றியுரையிலிருந்து எடுத்து, கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் போடுங்கள்.