தேடல் எண்ணை நம்பி மனை வாங்கலாமா?

பெங்களூரில் எந்தப் பகுதியை மக்கள் அதிகம் தேடுகிறார்கள் என்று கூகுள் டிரெண்ட்ஸில் பார்த்து மனை வியாபாரிகள் விளம்பரம் செய்வதில் தவறில்லை. அந்த எண்ணையே காட்டி, விலை ஏறப்போகிறது என்று ஆசை காட்டுவதுதான் தவறு.

அதில் வரும் 100 என்பது தேடியவர்களின் தொகை அல்ல. குறிப்பிட்ட காலத்தில் மொத்தத் தேடலில் அதன் பங்கு தொட்ட உச்சம், அவ்வளவே. 2022 செப்டம்பரில் பெல்லந்தூரை வெள்ளம் சூழ்ந்தபோது அந்தப் பெயரைத் தேடியவர்கள் எல்லாம் வீடு வாங்கவா தேடினார்கள்?

சேமநல நிதியையும் நகையையும் போட்டு மனை வாங்கும் நம்மவர்கள், முதலில் கர்நாடக ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவின்றி விளம்பரம் செய்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. விளம்பரங்களில் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னால் என்ன? அதிகாரிகள் கவனிப்பார்களா?